சார்ந்தவர் என்று ஓர் அட்டை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது நம் ஊர்ப் பெண்கள் இருவர் அறிமுகமானால் முதல் கேள்வி, "எந்த ஊர்?" இரண்டாவது கேள்வி, "பிஆர் போட்டுவிட்டீர்களா?", அதாவது நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தாயிற்றா என்பது. நான்கு ஆண்டுகளாக அந்த இரண்டாவது கேள்விக்கு "போட்டிருக்கிறோம்" என்றே பதில் சொல்லிவந்தேன். உண்மையில் போட்டவர் என் கணவர். நான் அவருடைய விண்ணப்பத்தில் உடன்வரும் குடும்பத்தினர் என்ற பகுதியில் இருந்தேன்.

இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தருவது சார்ந்தவர் அட்டை; டிபி என்று நாம் சொல்லும் அதை வைத்திருப்பவர் நிரந்தரவாசத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது. இங்கே வந்து ஓர் ஆண்டு ஆன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணந்தவர்கள் அந்த உறவின் பேரில் விண்ணப்பிக்கலாம். உயர் சம்பளக்காரர்களுக்கான வேலை அனுமதியான இபி, அதற்கு அடுத்த நிலையில் உள்ள எஸ் பாஸ் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் தங்கள் வேலையின் பேரில் விண்ணப்பிக்கலாம். டிபியில் வந்த மனைவிக்கு அந்த இரண்டும் இல்லை. ஆகவே அவருக்கு வழிகள் மூன்று: கணவரின் விண்ணப்பத்தில் சேர்ந்து போவது, கணவர் முதலில் வாங்கிய பிறகு நிரந்தரவாசியின் மனைவியாகப் போவது, சொந்தமாக ஒரு வேலை அனுமதி தேடிக்கொண்டு அதன் பலத்தில் போவது. முதல் வழியில் ஒரு முறை தோற்றேன். இரண்டாவது வழியில் என் பக்கத்து வீட்டு அக்கா போனார். மூன்றாவதையும் முதலாவதையும் சேர்த்துப் பிடித்துத்தான் நாங்கள் கரையேறினோம்.

எங்கள் திருமணம் 2018 வைகாசியில், புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. முந்தைய கார்த்திகையிலேயே ஒரு முகூர்த்தம் குறித்திருந்தார்கள். மண்டபம் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போனது. அந்த மண்டபக்காரர் எங்களுக்குச் செய்தது என்னவென்று அவருக்கே தெரியாது. 2017 இறுதி வரை மாதம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையான சம்பளம் இருந்தால் மனைவியை டிபியில் அழைத்து வரலாம். 2018 ஜனவரி 1 முதல் அது 6,000 வெள்ளி ஆனது. என் கணவரின் சம்பளம் அப்போது 5,700.

"ஓவர்டைம் சேர்த்தால் 6,300 வருகிறதே" என்று அவர் நம்பிக்கையோடு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டிருக்கிறார். அங்கேதான் 'நிலையான மாதச் சம்பளம்' என்ற சொற்றொடரின் முழுப் பொருள் புரிந்தது. அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும்தான் கணக்கு. ஓவர்டைம் கணக்கில் வராது. போனஸ் வராது. ஒரு மாதம் கூடி மறுமாதம் குறையும் எதுவும் வராது. சம்பளப் பேச்சு நடக்கும்போதே இதை அறிந்திருந்தால், போனஸில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்த 300 வெள்ளியை மாதச் சம்பளத்தில் வைக்கும்படி கேட்டிருக்கலாம். திருமணப் பேச்சில் இருக்கும் தம்பிமார்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்லும் முதல் அறிவுரை இதுதான். அவர்கள் நகைக்கடையை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். நான் சம்பளச் சீட்டைக் கேட்பேன்.

300 வெள்ளிக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தேன். இடையில் ஒரு முறை சுற்றுலா விசாவில் வந்து 30 நாள் இருந்துவிட்டுப் போனேன். 2019 ஜூலையில் ஊதிய உயர்வு வந்தது, 6,050. அந்த மாதமே அவருடைய நிறுவனம் எனக்கு டிபி விண்ணப்பம் போட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும் நம் பையன்கள் நினைவுக்கு வருவார்கள். எஸ் பாஸுக்கும் கீழ்நிலை அனுமதியான வொர்க் பெர்மிட்டில் இருக்கும் அவர்களுக்கு மனைவியை அழைத்துவரவும் வழியில்லை, பிஆர் போடவும் வழியில்லை. பத்து, பதினைந்து ஆண்டு உழைத்தவர்களுக்கும் அதுவே விதி. என் பதினான்கு மாதம் அவர்கள் முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நேரத்தில் பாதியை விழுங்கியவை அவைதான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். மண்டபத்தில் தாலி கட்டி, ஆயிரம் பேர் சாட்சியாகச் சாப்பிட்டாலும், சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் ஒன்றுதான் இங்கே செல்லும். எங்களிடம் அது இருந்தது. ஆனால் அதில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக நின்றது. கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. நமக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியும். கோப்பைப் பார்க்கும் ஓர் அதிகாரிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களின் தாள்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கள் இருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழித் தாள் செய்துகொண்டோம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தத் தாள் முதல் பக்கம்.

பிஆர் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். 1991இல் பிறந்த என் சான்றிதழைத் தேடி எடுத்து அம்மா அனுப்பினார். அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பாலினம், பெண். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தன; என் பெயர் மட்டும் இல்லை. பிறந்தவுடன் பதிந்துவிட்டு, பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க மறந்த குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். அப்பா பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்து பெயரைச் சேர்த்து வாங்கினார். அது தமிழில் இருந்ததால் ஆங்கில மொழிபெயர்ப்பும், அதற்குச் சான்றொப்பமும் தேவைப்பட்டன. ஊருக்குப் போகும் எந்தப் பயணத்திலும் இந்த வேலையை முதல் நாளே தொடங்குங்கள். கடைசி வாரம் என்று வைத்திருந்தால் உள்ளூர் விடுமுறையோ கோயில் திருவிழாவோ நிச்சயம் குறுக்கே வரும்.

வந்த புதிதில் டிபியில் இருந்தபடியே வேலை செய்ய ஒரு வசதி இருந்தது. எல்ஓசி என்ற ஒப்புதல் கடிதத்தை முதலாளி வாங்கிவிட்டால் போதும். அதற்குச் சம்பள வரம்பு இல்லை, ஒதுக்கீடு இல்லை. நான் எம்.காம் படித்தவள். 2020 மார்ச்சில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அடுத்த மாதமே நோய்த்தொற்று முடக்கம். சமையலறை மேசைதான் அலுவலகம். ஆனாலும் என் பெயரில் ஒரு சம்பளம் வந்தது. அந்தத் தெம்பில் 2020 நவம்பரில் முதல் பிஆர் விண்ணப்பம் போட்டோம். அவர் முதன்மை விண்ணப்பதாரர், நான் உடன். ஆளுக்கு 100 வெள்ளி கட்டணம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது.

2021 மார்ச் 3 அன்று நாடாளுமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மே 1 முதல் டிபியில் இருப்பவர்களுக்கு எல்ஓசி கிடையாது. வேலை செய்ய வேண்டுமென்றால் மற்ற வெளிநாட்டவரைப் போலவே இபி, எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் இவற்றில் ஒன்றுக்குத் தகுதி பெற வேண்டும். ஏற்கெனவே கடிதம் வைத்திருந்தவர்கள் அது காலாவதியாகும் வரை தொடரலாம். என் கடிதம் 2022 பிப்ரவரி வரை. என் மேலாளர் நல்லவர்; எஸ் பாஸ் போட்டுப் பார்க்கிறேன் என்றார். பிறகு ஒதுக்கீட்டைப் பார்த்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டார். சேவைத் துறை நிறுவனத்தில் மொத்த ஆட்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே எஸ் பாஸில் இருக்கலாம். அவர்களுடைய இடங்கள் நிரம்பியிருந்தன.

2021 ஜூலையில், பிஆர் விண்ணப்பங்களை முடிவுசெய்யும் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத் தளத்தில் பதில் வந்தது. நிராகரிப்பு. இரண்டு பத்தி, காரணம் எதுவும் இல்லை. ஆணையம் காரணம் சொல்வதில்லை, கேட்டாலும் சொல்லாது. எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் பொதுவாகச் சொல்லியிருக்கிறார்கள்: சிங்கப்பூரர்களுடன் குடும்ப உறவு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, குடும்ப அமைப்பு, இங்கே வாழ்ந்த காலம், வேரூன்றும் எண்ணம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் மக்கள் செய்யும் ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம். இந்தத் தொழில் என்றால் கிடைக்கும், இந்த மாதத்தில் போட்டால் கிடைக்கும், செங்காங் வட்டாரத்தில் இருந்தால் கிடைக்கும் என்பார்கள். 2023இல் மட்டும் ஏறத்தாழ 34,500 பேருக்கு நிரந்தரவாசம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் செங்காங்கில் இருந்திருக்க முடியாது.

நிராகரிப்பு வந்த வாரமே ஒரு முகவரிடம் போனோம். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. 2,800 வெள்ளி கேட்டார். "உங்கள் கோப்பில் உணர்ச்சி இல்லை" என்றார். முகப்புக் கடிதம் எழுதித் தருவதாகவும், நன்கொடை ரசீதுகளையும் தொண்டு செய்யும் புகைப்படங்களையும் எப்படி அடுக்க வேண்டும் என்று காட்டுவதாகவும் சொன்னார். "மனைவி பெயரில் தனியாக ஒன்று போடலாம்" என்றும் சொன்னார். அங்கேதான் எனக்கு விழித்தது. டிபியில் இருப்பவர் தனியாகப் போட முடியாது என்பது அடிப்படை. அதுவே தெரியாதவருக்கு 2,800 வெள்ளி எதற்கு? தனியார் முகவர்கள் எவரோடும் தனக்குத் தொடர்பில்லை என்று ஆணையமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விண்ணப்பப் படிவம், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக உள்ளே போய் நாமே நிரப்பக்கூடியதுதான். கடினமானது படிவம் இல்லை, ஆவணங்கள்.

ஆகஸ்டில் மகன் பிறந்தான். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை வராது. 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, இந்தியத் தூதரகம் மூலம் பாஸ்போர்ட் வாங்கி, அவனுக்கும் ஒரு டிபி போட வேண்டும். பிள்ளை பெற்ற உடம்போடு அந்த 42 நாளை எண்ணிக்கொண்டு நான் இருந்த நிலையை அம்மாவிடம் சொன்னபோது, "நம் ஊரில் அந்த நாளைத் தீட்டுக் கழிக்க எண்ணுவோம்" என்றார்.

2022 பிப்ரவரியில் வேலை நின்றது. அந்த ஆண்டின் தீபாவளிக்கு எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா நூறு முறுக்கு கேட்டார், காசு கொடுத்து. மூன்றாவது மாடியில் நான்கு பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் கேட்டார்கள். கை அரித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலை அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் சம்பாதித்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. வீட்டில் சுட்ட முறுக்கும் அதற்குள் வரும். முறுக்கை இலவசமாகச் சுட்டுக் கொடுத்தேன். டியூஷனை மறுத்துவிட்டு, சமூக மன்றத்தில் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பில் தொண்டூழியராகச் சேர்ந்தேன். பிஆர் கோப்புக்காகச் சேரவில்லை, வீட்டில் பைத்தியம் பிடிக்காமல் இருக்கச் சேர்ந்தேன்.

சொந்தத் தொழில் வழியையும் யோசித்தோம். டிபியில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கு வைத்து நடத்தினால் அவருக்கு எல்ஓசி இன்றும் உண்டு. ஆனால் அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் உள்ளூர்வாசி ஒருவரையாவது வேலைக்கு வைத்து, உரிய சம்பளமும் மத்திய சேம நிதியும் கட்டி வந்திருக்க வேண்டும். முதலீடு இருப்பவர்களுக்கு நல்ல வழி. எங்களிடம் இருந்தது ஒரு முறுக்கு அச்சுதான்.

பிறகு வந்தது 2023 ஜனவரி. கணவருடைய பிரிவையே மூடுகிறோம் என்று சொல்லி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மூன்று அட்டைகளையும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய இபி ரத்தானால் என்னுடையதும் குழந்தையுடையதும் அதோடு ரத்து. அதன் பிறகு 30 நாள் தங்க அனுமதி. வாடகை ஒப்பந்தம், பாத்திரம் பண்டம், குழந்தையின் தடுப்பூசி அட்டவணை எல்லாம் அந்த 30 நாளுக்குள் அடங்க வேண்டும். "நான் ஒருவன் வேலை இழந்தால் மூன்று பேர் நாடு இழக்கிறோம்" என்று அவர் சொன்னார். வழக்கமாக இப்படியெல்லாம் பேசுகிறவர் அல்லர்.

ஆறாவது வாரம் வேறு நிறுவனம் கிடைத்தது. அதிலும் ஒரு பாடம். புது முதலாளி புது இபிக்கு விண்ணப்பித்தார்; மனைவி, குழந்தைக்கு டிபி தானாகக் கூடவே வந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். வராது. டிபிக்கு முதலாளிதான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது அவருடைய விருப்பம். அந்த நிறுவனத்தில் அதுவரை யாருக்கும் அப்படிப் போட்டதில்லை. பழைய அட்டைகள் ரத்தாவதற்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் போட்டார்கள். வேலைக்கான கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே "குடும்பத்துக்கு டிபி போடுவீர்களா?" என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சம்பளத்தைப் பேசுகிற துணிச்சலில் பாதி இதற்குப் போதும்.

அந்த ஐந்து நாளில்தான் எனக்கென்று ஓர் அட்டை வேண்டும் என்று முடிவெடுத்தேன். பிஆர் கிடைப்பது நம் கையில் இல்லை. ஆனால் அவர் வேலை போனாலும் என் வேலையில் நான் நிற்க முடிந்தால் வீட்டுக்கு இரண்டு கால்கள். இபி என் எல்லைக்கு அப்பால். அப்போது குறைந்தது 5,000 வெள்ளி கேட்டார்கள், 2025 ஜனவரியிலிருந்து 5,600, அத்தோடு 40 புள்ளி எடுக்க வேண்டிய காம்பஸ் மதிப்பீடு வேறு. எஸ் பாஸ்தான் குறி. எஸ் பாஸுக்குச் சம்பளம் ஒரு பாதி, முதலாளியிடம் இடம் இருப்பது மறுபாதி. பெரிய நிறுவனங்கள் என் விண்ணப்பத்துக்குப் பதிலே போடவில்லை. ஒன்பது உள்ளூர் ஊழியர்களும் ஒரு எஸ் பாஸ்காரருமாக இயங்கும் சிறிய கணக்காய்வு அலுவலகங்களாகத் தேடினேன். அந்த ஒருவர் விலகும் அலுவலகம் எங்கே என்பதே தேடல். எட்டு மாதம் பிடித்தது. ஊபி வட்டாரத்தில் ஒரு சீன அம்மாள் நடத்தும் அலுவலகத்தில் அப்படி ஒரு நாற்காலி காலியானது. 3,900 வெள்ளி, என் 32 வயதுக்கு எஸ் பாஸ் வரம்பைத் தாண்டும் சம்பளம். எஸ் பாஸ் ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்கு மாதம் 550 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும் என்பதை முதல் நாளே எனக்கு நினைவூட்டினார். அதன் பிறகு மாதம் ஒரு முறை நினைவூட்டினார்.

2023 அக்டோபரில் என் டிபி ரத்தாகி எஸ் பாஸ் வந்தது. அட்டையைக் கையில் வாங்கியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

இங்கே பக்கத்து வீட்டு அக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது வழி அவருடையது. அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அவர் கணவர் தன் பெயரில் மட்டும் பிஆர் போட்டார், கிடைத்துவிட்டது. பிஆர் வந்ததும் கணவரின் இபி போனது. இபி போனதும் அக்காவின் டிபிக்கு ஆதாரம் போனது. "பிஆர் வந்து நான் நாடற்றவள் ஆனேன்" என்று அழுதார். பிறகு நிரந்தரவாசியின் மனைவி என்ற முறையில் ஆணையத்திடம் எல்டிவிபி என்ற நீண்டகால வருகை அனுமதி வாங்கினார். அதில் ஒரு விந்தை ஒளிந்திருந்தது. டிபிக்கு மூடிய எல்ஓசி கதவு, குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் மனைவியாக எல்டிவிபியில் இருப்பவருக்குத் திறந்தே இருக்கிறது. எஸ் பாஸ் ஒதுக்கீட்டைத் தேடி நான் எட்டு மாதம் அலைந்தபோது, அவர் பாலர் பள்ளி ஒன்றில் இரண்டு வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிஆருக்கு இப்போது கணவர் ஆதரவாளராக இருந்து அவர் விண்ணப்பித்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வேலைதான் உடனடித் தேவை என்றால் அவர் வழி குறுக்குவழி. ஆனால் குடும்பம் ஒன்றாகப் போட்டால் ஒன்றாகப் பதில் வரும் என்ற நிம்மதி அதில் இல்லை. தெரிந்தே தேர்ந்தெடுத்தால் நல்ல வழி. தெரியாமல் விழுந்தால் அந்தச் சில வாரங்கள் நரகம்.

இரண்டாம் முறை போடுவதற்கு முன் கணவர் புது நிறுவனத்தில் ஓர் ஆண்டு முடியட்டும் என்று காத்திருந்தோம். விண்ணப்பத்தோடு ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும், முதலாளி நிரப்பித் தரும் படிவமும் போக வேண்டும். சேர்ந்து மூன்று மாதத்தில் அந்தப் படிவத்தை நீட்டினால் முதலாளி முகம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதிலும் இம்முறை பேச்சு நடந்தது. எஸ் பாஸ் இருப்பதால் நானும் முதன்மையாக நிற்கலாம். ஆனால் அவருக்குத்தான் சம்பளமும் அதிகம், வாழ்ந்த காலமும் அதிகம். அவர் முதன்மை, நான் உடன் என்றே போட்டோம். ஆனால் இம்முறை என் பகுதியில் வேலை, சம்பளம், முதலாளி, வரி என்று நிரப்ப வரிகள் இருந்தன.

மகன் பெயரைச் சேர்ப்பதா என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. முதன்மை விண்ணப்பதாரராகப் பிஆர் வாங்கும் தந்தைக்குப் பொதுவாகத் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணி இல்லை. பெற்றோர் மூலம் பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் சேர்ந்து இரண்டு ஆண்டு. "பேரனைத் துப்பாக்கி தூக்க விடுவாயா?" என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். "இல்லை அத்தை, இன்னும் டயப்பரே கழற்றவில்லை" என்றேன், அவர் சிரிக்கவில்லை. மகனை மட்டும் விட்டுவிட்டுப் போடும் குடும்பங்களும் இருக்கின்றன. இன்னொரு கூட்டம், "இப்போது போடு, பதினாறு வயதில் பிஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லும். சேவை செய்யாமல் விலகினால் பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது கடுமையாகப் பாதிக்கும் என்று அரசாங்கம் எழுதியே வைத்திருக்கிறது. பலனை இன்று வாங்கிக்கொண்டு விலையை மகன் தலையில் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே பள்ளிக்குப் போய், இங்கே நண்பர்கள் சேர்த்து வளரப்போகிறவன் அவர்களோடு சேர்ந்து போகட்டும் என்றார் கணவர். மூன்று வயதுகூட ஆகாதவனிடம் கேட்க முடியாததால், பெற்றவர்கள் முடிவெடுத்தோம். அதைச் சரி என்று அவன்தான் ஒருநாள் சொல்ல வேண்டும்.

2024 மார்ச்சில் மூன்று பேருக்கு 300 வெள்ளி கட்டி அனுப்பினோம். முகப்புக் கடிதம் ஒன்று, ஒரே பக்கம், நானே எழுதினேன். உணர்ச்சி எதுவும் சேர்க்கவில்லை. எந்த ஆண்டு வந்தோம், எங்கே வேலை செய்தோம், இடையில் ஏன் வேலை நின்றது, இப்போது என்ன செய்கிறோம் என்பது மட்டும். வாசிப்பு வகுப்பு பற்றி ஒரு வரி. எட்டு மாதம் கழித்து நவம்பரில், அலுவலகத்தில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கொள்கையளவில் ஒப்புதல், மூவருக்கும்.

பிறகு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஆவணச் சரிபார்ப்பு. எங்கள் நேரத்தில் நுழைவு அனுமதிக்கு 20 வெள்ளி, ஐந்து ஆண்டு மறுநுழைவு அனுமதிக்கு 50, பெரியவர்களுக்கு நீல அடையாள அட்டைக்கு 50. மறுநுழைவு அனுமதி முடியும் தேதியை அன்றே நாட்காட்டியில் எழுதினேன். அது இல்லாமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் பிஆர் தகுதியே கேள்விக்குறி. வீடு வாங்கும் கனவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். குடிமகன் இல்லாத நிரந்தரவாசிக் குடும்பம், வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடிகளில் மறுவிற்பனை வீடு வாங்க மூன்று ஆண்டு ஆக வேண்டும். ஊரில் "அப்படியென்றால் இந்தியப் பாஸ்போர்ட் போய்விடுமா?" என்று கேட்டார்கள். போகாது, நிரந்தரவாசி வேறு, குடிமகன் வேறு.

டிசம்பர் சம்பளச் சீட்டில் முதல் முறையாக மத்திய சேம நிதி என்று ஒரு வரி வந்திருந்தது. முதல் ஆண்டு என்பதால் என் பங்கு 5 விழுக்காடு, முதலாளியின் பங்கு 4. சீன அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கணக்குப் போட்டார். மாதம் 156 வெள்ளி கூடுதல் செலவு என்று முகம் சுளித்தவர், பிறகு 550 வெள்ளி தீர்வை நின்றுவிட்டது என்பதைக் கண்டுபிடித்தார். அதற்கும் பிறகு, நான் இப்போது உள்ளூர்க் கணக்கில் வருவதால் எஸ் பாஸ் நாற்காலி மறுபடி காலியாகிவிட்டது என்பதையும் கண்டுபிடித்தார்.

"உன்னைப் போல இன்னொருத்தி கிடைப்பாளா?" என்று கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் காரைக்குடிப் பெண் ஒருவரைச் சந்தித்திருந்தேன். வந்து ஏழு மாதம், டிபி, பி.காம். அவர் எண்ணைத் தேடி எடுத்தேன். திருமணப் பதிவுச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவைக்கும்படி முதலில் அவருக்குச் செய்தி அனுப்பினேன். நேர்காணல் செவ்வாய்க்கிழமை.